வானத்தின் வலது மூலையில் ஒரு புள்ளி

எங்கள் ஃப்ளோரோ ஊர்ப் புகைப்படக் குழுவில் படங்களைப் பெயர் சொல்லாமல்தான் பலகையில் வைப்போம். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, இரண்டையும் சொல்ல வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் என் கணவர் ஹல்வார். என் படம் என்று தெரிந்தும் தெரியாதவர் போல வெளுத்து வாங்குவார். வீடு திரும்பும்போது, "அடடா, அது உன்னுதா?" என்பார்.

செப்டம்பரில் அவர் தவறிப்போனார். நவம்பரில் அவருடைய கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி குழுவுக்குப் போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் படங்களுக்குப் பாராட்டுத்தான். நூலகத்தில் வைக்கும் வசந்தக் கண்காட்சிக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தலைவர் ஐவின் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து, ஹல்வாரின் காலி நாற்காலியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு கூட்டம். பலகையில் என் படம்: துறைமுகத்துக்குத் திரும்பும் மீன்பிடிப் படகு, மேலே பெரிய வானம்.

"அமைதியா இருக்கு. எதையும் மாத்த வேணாம்," என்றார் ஒட்கெய்ர். ஹல்வாரின் பால்ய நண்பர்.

பெர்கன் நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த தூரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போனாள். ஓய்வுபெற்ற பல் டாக்டர். எங்கள் கூட்டத்துக்கு அவள் வருவது அது இரண்டாவது முறை.

"வலது மூலையில இது என்ன, பறவையா?"

அவளே இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"போன தடவை பனிமலைப் படத்துலயும் இதே இடத்துல இருந்துச்சே. எந்தப் பறவை இப்படி நின்ன இடத்துலயே நிக்கும்? கேமராவுக்குள்ள தூசிப்பா இது. இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலையா? பல்லுல இப்படி ஒண்ணைப் பாத்துட்டு நான் சும்மா விட்டிருந்தா, என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாங்க."

அவள் மட்டும் சிரித்தாள். ஒட்கெய்ர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். ஐவின் வாஃபிள் தட்டை நகர்த்தி வைத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், நவம்பரிலிருந்தே. அந்தப் புள்ளியை வைத்துத்தான் எது என் படம் என்று கண்டுபிடித்துப் பாராட்டியிருக்கிறார்கள். லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டு என்று ஹல்வார் ஓயாமல் சொல்வார். நான் முதல் நாளே துறைமுகத்தில் காற்றைப் பார்த்தபடியே திறந்திருக்கிறேன்.

கழுத்திலிருந்து காதுவரை எரிந்தது. பாவாடை பின்னால் கிழிந்திருப்பது தெரியாமல் ஊரெல்லாம் நடந்துவிட்டு வந்தவள் போல உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியிடம் பேசியதை நினைத்தபோது இன்னும் கூசியது.

கையைத் தூக்கினேன். "என்னுதுதான்."

"அப்ப நல்லதாப் போச்சு, துடைச்சா சரியாயிடும்," என்றாள் தூரி. ஹல்வாரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

"ராக்னா, இந்த நேரத்துல உன்கிட்ட போய் எப்படி..." என்று ஐவின் இழுத்தார்.

"ஹல்வார் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

ஒட்கெய்ர் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "படகு ரொம்பத் தூரம்னு சொல்லியிருப்பான். மேடம் மேல ரோட்டுலயே நின்னுட்டாங்க, படகுத்துறைக்கு இறங்கி வர சோம்பல்னு சொல்லியிருப்பான்."

உண்மைதான். இறங்கவில்லை.

"அப்புறம்?"

"இவ்வளவு வானம் யாருக்குன்னு கேட்டிருப்பான்."

"கண்காட்சிக்கு எடுத்த ரெண்டும்?"

ஐவின் ஒட்கெய்ரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார். "போகாது, ராக்னா."

என் படத்தை நானே பலகையிலிருந்து எடுத்தேன். முகத்தின் சூடு தணியவில்லை.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று தூரி மெல்லக் கேட்டாள்.

"இல்ல. உக்காரு. அடுத்த படத்தைப் பாப்போம்."

அடுத்தது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லது ஒன்று சொன்னேன். திருத்த வேண்டியது ஒன்றையும் சொன்னேன்.