சோபாக்காரர் தரைக்கு வந்தார்

கடைத்தெருவில் அவரைச் சோபாக்காரர் என்றால்தான் தெரியும். மரச்சாமான் கடையில் விற்பனையாளர். யார் உள்ளே நுழைந்தாலும், "இது வந்தா உங்க வீட்டுக்கே ஒரு கம்பீரம் வரும் சார்" என்று வாய் கூசாமல் சொல்லுவார். கம்பீரம் வேண்டாதவர் யார்? சோபாக்கள் நன்றாகவே விற்றன.

ஒரு நாள் ஒரு பெண்மணி வந்தார். நாலைந்து சோபாக்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல எதை வாங்கிப் போட்டா என் வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்?"

சோபாக்காரர் வாயைத் திறந்தார். கம்பீரத்துக்குப் பதில் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. 'இத்தனை வருஷமா பஞ்சையும் ஸ்பிரிங்கையும் வித்துட்டு, வாழ்ந்தேன்னு நினைச்சுக்கிட்டேனே' என்று மனது குடைந்தது. எளிமையாக வாழ்வது என்று தீர்மானித்தார். தீர்மானித்தவர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஸ் ஓட்டுநரான அவள் டூட்டிக்குப் போயிருந்த, கடை விடுமுறை நாள் ஒன்றில் சோபா, டிவி, வாஷிங் மெஷின் மூன்றையும் வேனில் ஏற்றி மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மச்சினனுக்கு வாயெல்லாம் பல். "மாமா, உங்களுக்கு ஞானம் வந்தது எங்க வீட்டுக்கு ரொம்ப சௌகரியம். ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற பற்று எப்ப போகும்?"

சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போல் சோபா இருந்த பக்கம் பாதி உட்கார்ந்து, சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திருடன் வந்தானா?"

"நான்தான் கொடுத்துட்டேன். இனிமே தரையில உக்காருவோம். தரைதான் நிஜம்."

"என் இடுப்பும் நிஜம்தாங்க. நான் எங்க சாய?"

கேட்டுக்கொண்டே அவள் குளியலறையை எட்டிப் பார்த்தாள். "மெஷினும் போச்சா? துணி?"

"கையால துவைப்போம். எந்த வேலையையும் நிதானமா, மனசு வச்சு செஞ்சா வாழ்க்கைக்கு அர்த்தம் வரும்."

"ரொம்ப நல்லது. யார் கையால?"

ஞானத்தில் இந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அவள் அழுக்குக் கூடையை அவர் முன்னால் நகர்த்திவிட்டுப் போனாள்.

முதல் துவையலிலேயே தன் சிவப்புத் துண்டோடு அவளுடைய வெள்ளைச் சீருடைகளையும் சேர்த்து ஊறப்போட்டார். மறுநாள் அவள் ரோஸ் நிறச் சட்டையில் பஸ் ஓட்டினாள். "என்ன டிரைவரம்மா, இன்னிக்கு விசேஷமா?" என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் வாழ்க்கையில அர்த்தம் தேடறார். சாயம் போகுது" என்றாள்.

கை எரிந்தது, முதுகு பிடித்தது. ஆனாலும் மெஷினைத் திருப்பிக் கேட்டால் மச்சினன் சிரிப்பானே என்ற ஒரே வைராக்கியத்தில் துவைத்தார். துவைக்கத் துவைக்கக் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அவளுடைய எல்லாச் சட்டைகளும் முதுகில் இடது பக்கம் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்திருந்தன.

சட்டையும் கையுமாகப் போய்க் கேட்டார்.

"வலது இடுப்பு வலி. இடது பக்கமா சாஞ்சு ஓட்டறேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க கம்பீரம் விக்க ஆரம்பிச்சதிலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னேன். நீங்க டிவி பார்த்துட்டிருந்தீங்க."

சோபாக்காரர் சட்டையைப் பிழிந்தபடி அங்கேயே நின்றார். தண்ணீர் தரையெல்லாம் சொட்டியதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் போய் உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்குச் சோபா விற்றவர், முதல்முறையாக ஒரு முதுகுக்காக ஸ்பாஞ்சை வெட்டினார், உறை தைத்தார். டிரைவர் சீட்டில் முதுகுக்கு வைக்கத் தைத்த முதல் மெத்தை ஏகத்துக்கும் தடிமன். "பிரேக் போடறதுக்கு முன்னாடியே நான் கண்ணாடிக்குப் போயிட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது ஒரு பக்கம் அமுங்கியது. அடுத்து தைத்ததை அவள் திருப்பிக் கொண்டுவரவில்லை. 'எப்படி இருக்கு?' என்று கேட்டதற்கு, "பின்னாடி யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் கடையில் நாள் முழுக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு சோபாவும் விற்கவில்லை. முதலாளி முறைத்தார்.

வாஷிங் மெஷின் திரும்பி வந்தது. மனைவியே போய்த் தம்பியை அதட்டி வாங்கி வந்தாள். போர்வையைக் கையால் துவைத்து யாரும் மோட்சம் போக வேண்டாம் என்பது அவள் கட்சி. டிவியை அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் இருவரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஒருநாள், பஸ்ஸில் இரண்டு பேர் ஜன்னலுக்காகச் சண்டை போட்டதை அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

அவள் பேச்சை நிறுத்தி, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு, யார் ஜெயிச்சா?"