கருவாயன் போன வழி

மதியக் காட்சி முடிந்து, காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறித் தம்பிதுரை லைன் வீட்டுக்கு வந்தபோது, குழாயடியில் குடங்களைவிடப் பெண்கள் அதிகமாக நின்றார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை. தன்னைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"ஏனுங்ண்ணா, படம் எப்புடீங்? புள்ளைகளை அனுப்பலாங்ளா?" ரங்கம்மாள்தான் முதலில் கேட்டாள்.

முழுப்பரீட்சை லீவுக்கு ஒரு நாய்ப் படம் வந்திருந்தது. இங்கிலீஷ்காரன் எடுத்து, தமிழில் பேசவிட்ட படம். போஸ்டரில் பனிமலை மேல் ஒரு நாய் நின்றது. அதைப் பார்த்ததிலிருந்து லைனில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் ஒரே நச்சரிப்பு. இங்கிலீஷ் படத்தில் நடுவில் என்ன வருமோ, யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். பஞ்சு குடோனில் பேல் மூட்டை ஏற்றி இறக்குகிற தம்பிதுரைக்கு அன்றைக்கு லோடு இல்லை. அவனைப் பிடித்து அனுப்பினார்கள்.

படத்தில் ஒரு குடும்பம் ஊர் மாறிப்போகிறது. நாய் வழியில் தொலைந்துவிடுகிறது. அது மலையேறி, ஆறு நீந்தி, ஓநாயோடு சண்டை போட்டு, கடைசியில் நொண்டிக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. தியேட்டரே கைதட்டியது. தம்பிதுரைக்குக் கைதட்ட வரவில்லை. பாதியிலேயே எழுந்து போய்விடலாமா என்று நினைத்திருந்தான். போகவும் முடியவில்லை.

போன மாதம்தான் அவன் வீட்டு நாய் கருவாயன், லைன் வீட்டுச் சொந்தக்காரர் மகனைக் கடித்துவைத்தது. நாய் இருக்கோணும், இல்லாட்டி நீங்க இருக்கோணும் என்றார் அவர். மகள் பிரவீனா பள்ளிக்கூடம் போன நேரத்தில் கருவாயனைச் சாக்கில் போட்டுக் கட்டி, உடுமலை மில்லுக்குப் போகிற லாரியில் பேல்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனான். போகிற வழியை நாய் பார்க்கக் கூடாது. அவிழ்ப்பதற்கு முன்னால் சாக்கை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், திசை தப்பிவிடும். எல்லோரும் செய்வதுதான். அவன் மூன்று சுற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு சுற்றினான். வெளியே வந்த கருவாயன் தள்ளாடி விழுந்து, எழுந்து, அவன் காலிலேயே வந்து சாய்ந்தது. நல்ல சாக்கு, வீசுவானேன் என்று மடித்து எடுத்து வந்துவிட்டான். மகளிடம் நாய் ஓடிப்போய்விட்டது என்றான்.

"கண்ட காட்சி ஏதாச்சும் வருதுங்ளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"அடிதடி, ரத்தம்?"

"நாய்க்குக் கால்ல கொஞ்சம்."

"அப்ப அனுப்பலாங்ல்ல?"

"வேண்டாமுங்."

சாஜிதா பேகம் குடத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்லீங்கறீங்க, வேண்டாமுங்கறீங்க. அப்புடி என்னதாங்ண்ணா இருக்குது? நல்லா இருந்தாச் சொல்லுங்க, நாங்களாச்சும் போய்ட்டு வாரோம்."

"அண்ணன் மட்டும் ஒரு சீன் உடாமப் பாத்துப்போட்டு வந்துருக்குது!" என்றாள் ரங்கம்மாள். குழாயடியே சிரித்தது. தம்பிதுரைக்குக் காது சுட்டது.

என்ன காரணம் சொல்வது? அனுப்பினால் பிரவீனா நாளையிலிருந்து கருவாயன் வருமென்று ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அவளை மட்டும் நிறுத்தினால் மற்ற எட்டுப் பேரும் வந்து கதை சொல்வார்கள். சினிமாக்காரன் புளுகுகிறான், நிஜ நாய் இரண்டாவது ரோட்டிலேயே லாரியில் அடிபட்டுப் போகும். லாரி மேல் உட்கார்ந்து அவன் பார்க்காததா? ஆனால் படத்து நாய் அத்தனை மலை தாண்டியது. உடுமலை என்ன, நாற்பது மைல். கருவாயன் வந்துவிட்டால் வீடு போகும். வராமலே போனால்? எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறோம் என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை.

"அனுப்பறவீங்க அனுப்பிக்குங்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பிரவீனா வாசலில் குடத்தோடு நின்றாள். பத்து வயது.

"ஏனுங்ப்பா, கடைசில அந்த நாய் ஊட்டுக்கு வந்துருச்சுங்ளா?"

"ம்."

"எப்புடீங் வழி தெரிஞ்சுது?"

"சினிமாதானே கண்ணு."

"அதைச் சாக்குல போட்டுக் கொண்டு போவலீங்ளா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதுவும் இல்லை. லைனில் பூனைக்குட்டிகளைக்கூட அப்படித்தான் கொண்டுபோய் விடுகிறார்கள், அதைப் பார்த்துக் கேட்டிருப்பாள். இல்லை, வேறு யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ? என்ன கேட்டாலும் அவனே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"இல்ல அம்மணி" என்றான்.

குழாயில் காற்று சீறிக்கொண்டு தண்ணீர் வந்தது. பெண்கள் சத்தம் போட்டார்கள். கருவாயனைப் போட்டுக் கொண்டுபோன அந்தச் சாக்கை அவன் மனைவி நான்காக மடித்துக் கால்மிதியாக நிலைப்படிக்கு வெளியே போட்டிருந்தாள். பிரவீனா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சாக்கின் மேல் கால் படாமல் ஒரு தாவுத் தாவிக் குழாயடிக்கு ஓடினாள்.

இந்த ஒரு மாதத்தில் அவள் அதை மிதித்ததை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறோமா என்று யோசித்தபடி தம்பிதுரை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.