தவணை கொடுக்காத நீதிபதி

கொழும்பு நீதிமன்றங்களில் என்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர்கள் குறைவு. வழக்கைத் தள்ளிப்போடத் தவணை கொடுக்காத நீதிபதி என்றால் அது தனஞ்சயன்தான் என்று வாசலில் கடலை விற்பவருக்கும் தெரியும். மற்ற இடங்களில் பத்துப் பன்னிரண்டு வருடம் இழுபடும் வழக்கு, என்னிடம் வந்தால் இறுதி வாதம் நடந்த அன்றைக்கே முடிந்துவிடும். பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். வெள்ளவத்தையில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் வரிசையை விலக்கி என்னை முன்னுக்கு வரச்சொல்வார். நானும் வெட்கமில்லாமல் போய் நிற்பேன்.

அந்த வேகத்தின் இரகசியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாதம் நடப்பதற்கு முன்பே நான் தீர்ப்பை எழுதிவிடுவேன்.

சாட்சியம் முடிந்ததும் வரும் சனிக்கிழமை, என் சுருக்கெழுத்தாளர் றலியா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஃபிளாட்டுக்கு வருவார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதுவார். கடற்கரை ரயில் போகும்போது நான் நிறுத்துவேன். அவர் பென்சிலை மடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். பதினான்கு வருடம் இப்படித்தான் வேலை செய்தோம். ஆரம்பத்தில் அது வெறும் வரைவு. வாதத்தைக் கேட்டபின் மாற்ற வேண்டியதை மாற்றுவேன். போகப்போக மாற்றுவதை விட்டுவிட்டேன். சட்டத்தரணிகள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பதுபோல முகத்தை வைத்திருப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன்.

பழனிமுத்துவின் வழக்கும் அப்படித்தான் வந்தது. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் தளத்தில் மூட்டை தூக்குகிறவர். அங்கிருந்த காவலாளியை இரும்புக் கம்பியால் அடித்து நடக்க முடியாமல் ஆக்கினார் என்பது குற்றச்சாட்டு. வாசலில் நின்று பார்த்ததாகச் சொல்ல ஒரே ஒரு சாட்சி இருந்தார். ஒன்பது வருடச் சிறை என்று சனிக்கிழமையே முடிவாகிவிட்டது.

இறுதி வாதத்துக்கான நாளில் அவருடைய சட்டத்தரணி ஸவாஹிர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு எழுந்தார். எழுபது வயது மனிதர். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற இளம் சட்டத்தரணி சொன்னார்:

"சீனியருக்கு தொண்டை முழுக்க அடைச்சுப் போச்சு, மை லோட். ஒரு கிழமைத் தவணை மட்டும் கேக்கிறார்."

"இந்தக் கோர்ட்டில தவணை கிடையாது எண்டது சீனியருக்குத் தெரியும்தானே?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஸவாஹிர் தலையைத் தாழ்த்திவிட்டு, வாதாடாமலே உட்கார்ந்தார்.

நான் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கினேன். நாலாம் பக்கத்தில் வாதத்தைப் பற்றிய பந்தி வந்தது. 'கற்றறிந்த சட்டத்தரணி ஸவாஹிர் இன்று என் முன்னிலையில் மிகத் தெளிவாகவும் விரிவாகவும் எடுத்துரைத்த வாதங்களை நான் கவனமாகச் சீர்தூக்கிப் பார்த்தேன்.'

வாசித்து முடிந்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது எனக்கே உறைத்தது. மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, தன் கடமை அதுதானே, கூண்டில் நின்ற பழனிமுத்துவுக்கு அதே வசனத்தைத் தமிழிலும் சொன்னார். என் மானம் இரண்டு மொழியில் போனது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்திலேயே தாளை மடித்து வைத்திருக்கலாம். மிச்சத்தையும் வாசித்து, ஒன்பது வருடத்தையும் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

ஒரு மாதத்துக்குள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மனைவி சுபோதினி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, டைப் பண்ணேக்க வேற கேஸ் பந்தி ஒண்டு கலந்து போச்செண்டு சொல்லுங்கோவன். றலியாவுக்கு மிஞ்சிப்போனா ஒரு ட்ரான்ஸ்ஃபர். உங்களுக்கெண்டா எல்லாம் போயிடும்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் மனதில் கிடந்ததைத்தான் அவள் சொன்னாள்.

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக றலியாவின் வீட்டுப் படியேறினேன். அவசரமாக நாற்காலியைத் துடைத்து, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் தட்டச்சுச் செய்துகொண்டு போயிருந்த கடிதத்தை நீட்டினேன். பிழை தன்னுடையது என்று அவர் ஏற்றுக்கொள்ளும் கடிதம். அவர் மெதுவாக வாசித்தார்.

"சேர் செல்றீங்கண்டா நான் சைன் வெக்கிறன்" என்றார். வைத்தார். தாளைத் தருமுன் கேட்டார்: "சேர், இது டைப்பிங் பிழையெண்டா, அந்தத் தீர்ப்பு அப்பிடியே நிக்கும், என்ன?"

"ஓம்."

"அப்ப அந்தப் பழனிமுத்து?"

உண்மையைச் சொல்கிறேன். கடிதம் வந்த நாளிலிருந்து அந்த நிமிடம்வரை பழனிமுத்து என்றொரு ஆள் என் நினைவிலேயே இல்லை. என் பெயர், என் பதவி, வெள்ளவத்தைச் சனம் என்ன சொல்லும் என்பதுதான் இருந்தது. தேநீரைத் தொடாமல், கடிதத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அடுத்த நாள் அதை அனுப்பியும் வைத்தேன்.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். றலியாவைக் கீழ்மாடியில் பழைய வழக்குக் கோவைகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறியது. தாழ்வாரத்தில் காணும்போது றலியா முன்போலவே "குட் மோர்னிங் சேர்" சொல்வார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலாம் மாதம் ஒரு சனிக்கிழமை. புதிதாக வந்த சுருக்கெழுத்தாளர் டிலக்ஷி என் முன்னால் இருந்தாள். சாட்சியப் பகுதியைச் சொல்லி முடித்துவிட்டு, வாதத்தைப் பற்றிய பந்தியைத் தொடங்கப் போனேன்.

"அது வேணாம் சேர், அந்தப் பந்தி என்னட்ட கிடக்கு" என்றாள் உற்சாகமாக. "றலியா அக்கா காட்டித் தந்தவ. லோயர்ட பேரை மட்டும் மாத்தினாப் போதுமாம்."

பிள்ளை கெட்டிக்காரி, வேலையை நன்றாகப் பழகியிருக்கிறாள். எத்தனை தீர்ப்பில் அந்தப் பந்தி போயிருக்கும்? எத்தனை பேருடைய சட்டத்தரணிகள் சுவரோடு பேசிவிட்டுப் போயிருப்பார்கள்? ரயில் போனது. டிலக்ஷி பேனையோடு காத்திருந்தாள். இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டு, நடந்தது முழுவதையும் மேலிடத்துக்கு என் கையாலேயே எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. சுபோதினி கதவடியில் நின்று அழுதாள்.

என்னைச் சேவையிலிருந்து விலக்கினார்கள். பத்திரிகை பழைய படத்தையே மறுபடி போட்டது. என் பழைய தீர்ப்புகளையெல்லாம் கிண்டத் தொடங்கியிருக்கிறார்கள். மரக்கறிக் கடையில் இப்போது வரிசையில் நிற்கிறேன். றலியாவை மேலே திரும்ப எடுத்தார்கள். நான் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

மேன்முறையீட்டில் பழனிமுத்துவின் தீர்ப்பு இரத்தாகி, வாதத்தை இன்னொரு நீதிபதி கேட்க வேண்டும் என்று உத்தரவானது. வாதம் நடந்த அன்றைக்கு நான் போய்க் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். ஸவாஹிருக்குக் குரல் நன்றாகத்தான் இருந்தது. அரசுத் தரப்பு கொடுத்த சம்பவ இடத்துப் படத்தையே எடுத்துக் காட்டினார். வாசலுக்கும் காவலாளி விழுந்துகிடந்த இடத்துக்கும் நடுவில் அன்று மூன்று கொள்கலன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. வாசலில் நின்றவருக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. அந்தப் படம் என் மேசையில் மூன்று மாதம் கிடந்தது. நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. அவர் பேசியது மொத்தம் பதினொரு நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

புதிய நீதிபதி தவணை போட்டு, யோசித்து, மூன்று கிழமையின் பின் விடுதலை என்றார். அன்றைக்கும் போயிருந்தேன். பழனிமுத்து உள்ளே இருந்தது பதினாறு மாதம்.

வெளியே படிக்கட்டில் அவர் என்னைக் கண்டுகொண்டார். ஒதுங்கப் பார்த்தேன். மனிதர் வேகமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, அன்னிக்கும் ஒங்கள பின்னுக்குப் பாத்தேங்க. வக்கீலய்யா பேசுறத கேக்கவா வந்தீங்க?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ஓம்" என்றேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. படியில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.