வாய்திறவாத மூன்று வளைவுகள்

விடியற்பனியின் ஈரத்தை ஓட்டுக்கூரைகளிலிருந்து மெல்ல உலர்த்தியெடுத்து, ஏரியின்மேல் படிந்திருந்த வெண்புகைப் படலத்தைக் கரையோரமாய் ஒதுக்கித் தள்ளி, ஊரின் கடைசித் தெருவிலிருந்து கிளம்பி மலைமேல் பதினொரு வளைவுகளாய்ச் சுற்றிச்செல்லும் கருஞ்சாலையின்மீது இளவெயில் வந்து சாய்ந்திருந்தது. தெருவில் ஆளரவம் இல்லை. நாளிதழ்கள் வாயிற்படிகளில் சுருண்டு கிடந்தன. கற்றறிந்த நண்பரே, ஞாயிறுதோறும் இந்த வேளையில் அத்தெருவின் கோடிவீட்டுக் கொட்டகைக் கதவு திறக்கும். திறந்தவுடன் உள்ளிருந்து முதலில் ஓர் இருமலும், பின்னர் ஒரு செருமலும், அதன்பின் சீரான முழக்கமும் எழும். அம்முழக்கத்தைக் கேட்டே அண்டைவீட்டார் புரண்டு படுப்பார்கள். அது தன்னை ஓட்டுபவளைவிட ஐந்தாண்டு மூத்த ஒரு மகிழுந்தின் குரல்.

ஓட்டுபவள் நூற்பாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பொறிகளைப் பிரித்தும் பூட்டியும் ஓய்வுபெற்றவள். ஆலையின் பின்கட்டில் துருவேறிக் கிடந்த அவ்வண்டியை இழுத்துவந்து, நான்காண்டுக் காலம் திருகு திருகாய்க் கழற்றித் தேய்த்து, முகிலின் நிறத்தைத் தன் கையாலேயே பூசி, மீண்டும் உயிர்ப்பித்தவள். அவள் கணவரோ அச்சகத்தில் பிழைதிருத்துநராய் இருந்தவர். பிறர் விட்ட புள்ளியையும் காலையும் கொம்பையும் தேடிப்பிடித்தே தலை நரைத்தவர். வண்டியைப் பொறுத்தவரை அவருக்கு இரண்டே வேலைகள்: தேநீர்க் குடுவையைப் பிடித்துக்கொள்வது, வாயைப் பிடித்துக்கொள்வது. ஒருமுறை முகப்புக் கண்ணாடி பளபளக்கட்டுமே என்று தரை துடைக்கும் நீர்மத்தை ஊற்றித் தேய்த்து, ஒரு திங்கள் முழுதும் வெண்படலத்தின் ஊடே அவளை ஓட்டச்செய்த நாள்முதல், வண்டியைத் தொட அவருக்கு இசைவு கிடைத்ததில்லை.

ஆயினும் அந்த வாரம் அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மாலை, வேறு வழியின்றி, ஓட்டத்திற்கு முன்பு பார்க்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தாள். சக்கரங்களின் காற்று, பொறியின் எண்ணெய், குளிர்விக்கும் நீர் என ஆறு இனங்கள். முப்பத்தோர் ஆண்டு இல்லறத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆறாவது இனம், தடைமிதியை அழுத்தினால் சக்கரங்களைப் பிடிக்கச்செய்யும் நீர்மம். அதன் சிறு கலத்தில் ஒரு விரல் குறைந்திருந்தது. மூக்குக்கண்ணாடி வழுக்கிப் பொறிக்குள் விழுந்துவிடுமோ என்று அஞ்சி அதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, அடுக்கில் அருகருகே நின்ற இரண்டு தகரக் குப்பிகளுள் ஒன்றை எடுத்து நிறைய ஊற்றி, கலத்தின் மூடியைக் கைக்குட்டையால் துடைத்து, தாளில் ஆறாவது குறியையும் இட்டார். வாழ்நாளெல்லாம் எழுத்தைப் படித்த மனிதர், அந்தக் குப்பியின்மேல் இருந்த எழுத்தை மட்டும் படிக்கவில்லை.

மறுநாள் ஏற்றத்தில் வண்டி சற்றே மூச்சுவாங்கியது. பின்னிருக்கையில் குடையை மடியில் கிடத்தி அமர்ந்திருந்த அவருடைய மூத்த சகோதரி, "ஏம்மா, வண்டிக்கும் தோள்வலி வந்துடுச்சா?" என்றாள்.

"பெட்ரோல் சரியா வரலபோல அண்ணி. மேல போய்ப் பாக்கறேன்" என்றாள் ஓட்டுபவள்.

உச்சியில் நிறுத்தி, மூடியைத் தூக்கி, அவள் எரிநெய்க் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், அவர் சாலையோரக் குழாயடிக்குச் சென்று முகம் துடைப்பதற்காகக் கைக்குட்டையை நனைத்தார். துணி முழுதும் நனைந்தது. நடுவில் உள்ளங்கையளவு மட்டும் நனையவில்லை. அவ்விடத்தில் நீர் ஒட்டாமல், முத்து முத்தாய் உருண்டு வழிந்தது. தடைநீர்மம் தண்ணீரில் கரையும், பொறியெண்ணெய் கரையாது என்று அவள் என்றோ சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தால்தான் நேற்று மூடியைத் துடைத்தோம் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வண்டியை நோக்கி நடந்தார். நடந்த இருபது அடிக்குள் எத்தனை எண்ணங்கள்! ஊற்றியது ஒரு விரல்தானே, அதனால் என்ன ஆகிவிடப்போகிறது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லையே. வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொன்னால் போகிறது. இங்கே சொன்னால் அக்கா காதில் விழும், அக்கா காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சுற்றம் முழுதும் சிரிக்கும். இவை அனைத்திற்கும் அடியில், அவரே தமக்கு ஒப்புக்கொள்ளாத ஒன்று இருந்தது. அந்தத் தாள் மீண்டும் அவர் கைக்கு வராது. அவர் கைக்குட்டையைப் பிழிந்து பைக்குள் திணித்துவிட்டுப் பேசாமல் அமர்ந்தார்.

வண்டி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் அவள் தடைமிதியை அழுத்தினாள். வேகம் வழக்கத்தைவிட வெடுக்கென்று குறைந்தது. "பிரேக் இன்னிக்கு ரொம்பக் கெட்டியா பிடிக்குதே" என்றாள், தனக்குத்தானே. நன்றாகத்தானே பிடிக்கிறது என்று அவர் நெஞ்சு ஆறுதல் தேடியது. இரண்டாம் வளைவில் கருகிய வாடை ஒன்று தரைப்பலகையின் இடுக்கு வழியே மேலெழுந்தது. "யாரோ துணியை அயர்ன் பண்ணித் தீச்சுட்ட மாதிரி நாத்தம்" என்று மூத்தவள் மூக்கைப் பொத்தினாள். ஒருபுறம் பாறைச்சுவரும், மறுபுறம் முழங்காலளவுக் கல்வரிசையும், அதற்கப்பால் வெறும் வானமும். அவர் கை பைக்குள் இருந்த ஈரக் கைக்குட்டையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது. மூன்றாம் வளைவில் அவள் கால் அழுத்தியது. மிதி பாதிவரை இறங்கி, நின்று, பிறகு இன்னும் இறங்கியது. வண்டி அரைகுறையாய்த் தயங்கித் திரும்பியது. அவள் முகத்தில் அவர் அதுவரை கண்டிராத ஒரு வெறுமை படர்ந்தது.

"இந்தாம்மா," என்றார், குரல் அவருடையதாகவே இல்லை. "நேத்து பிரேக் டப்பாவுல நான் ஊத்தினது... இன்ஜின் ஆயில்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்ளோ?"

"ஒரு விரல்."

"ஆயில் பட்டு உள்ள ரப்பரெல்லாம் ஊதியிருக்கும். இனிமே அந்த மிதி நமக்கு இல்ல." சொன்னபடியே காலை அதிலிருந்து எடுத்தாள். "அண்ணி, முன்சீட்டைக் கெட்டியா பிடிச்சுக்குங்க. ஏங்க, கைப்பிரேக் கம்பியில ஓடறது, அதுல ஆயில் கிடையாது. எனக்குத் தோள்ல பலம் இல்ல, நீங்க பிடிங்க. நான் சொல்றப்ப மட்டும். வெடுக்குனு இழுத்தீங்க, பின்னாடி வழுக்கிக்கிட்டுப் போயிடும்."

அக்காலத்து வண்டிகளில், ஓட்டத்தின் நடுவே, கியர் என்று சொல்கிறோமே அந்தப் பல்லிணையைக் கீழிறக்கி மாற்றுவது எளிய செயலன்று. பொறியின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துவரும் நொடியைக் காதால் அறிந்து, அந்நொடியிலேயே கோலைத் தள்ளவேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு அவள் மாற்றினாள். பொறி ஓலமிட்டு வண்டியை இழுத்துப்பிடித்தது. நான்காம் வளைவும் ஐந்தாம் வளைவும் கடந்தன. "கொஞ்சம்... கொஞ்சம்... விடுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் இரு கைகளாலும் கைத்தடையை இழுத்தும் தளர்த்தியும் வந்தார். நேற்றுத் தவறிழைத்த அதே விரல்கள்தாம். அவற்றை நம்புவதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு வழியில்லை.

ஆறாம் வளைவுக்குப்பின் சரிவு செங்குத்தானது. இரண்டாம் பல்லிணை போதவில்லை. முதலாவதற்கு மாற்றக் கோலை விடுவித்துத் தள்ளினாள். பற்கள் நறநறவென்று உரசி, ஏற்க மறுத்தன. எந்தப் பல்லிணையிலும் சேராத வண்டி, கட்டறுந்து ஓடத்தொடங்கியது. எதிரே ஏழாம் வளைவில், கல் ஏற்றிய சுமையுந்து ஒன்று சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு முக்கி முனகி ஏறிவந்தது. மூத்தவள் வாய்விட்டு அலறவில்லை; தம்பியின் சட்டைக் கழுத்தை மட்டும் பின்னிருந்து இறுகப் பற்றிக்கொண்டாள்.

அந்நொடியில் ஓட்டுபவள் செய்ததை அவர் இன்றும் கண்மூடினால் காண்கிறார். நான்காண்டு உழைத்துப் பூசிய முகில்நிறப் பக்கத்தை, கொஞ்சமும் தயங்காமல், பாறைச்சுவரின்மேல் சாய்த்தாள். தகடு கிழியும் ஓசை மலையெங்கும் எதிரொலித்தது, தீப்பொறி தெறித்தது, கதவுப்பிடி பிய்ந்து பறந்தது. "இப்ப! முழுசா!" என்றாள். அவர் தம் முழு எடையையும் கைத்தடையின்மேல் போட்டு இழுத்தார். வேகம் தளர்ந்த அந்த இமைப்பொழுதில், தலையைச் சற்றே சாய்த்துப் பொறியின் சுழற்சியைக் கேட்டு, கோலைத் தள்ளினாள். முதலாம் பல்லிணை விழுந்தது. சுமையுந்து ஒரு சாண் இடைவெளியில் கடந்துசென்றது. மிச்சமிருந்த நான்கு வளைவுகளையும் மாட்டுவண்டியின் நடையில் ஊர்ந்து, அடிவாரச் சமவெளியில், சாலைப்பணிக்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டில் முகத்தைப் புதைத்து மகிழுந்து நின்றது.

சூடேறிய இரும்பு டக் டக்கென்று ஆறும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவள், கைகளைத் திருப்புவளையத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

'இப்பத்தான்' என்று ஒரு சொல் அவர் நாவின் நுனியில் நின்றது. அதைப் பொய்யென்று மெய்ப்பிக்க இவ்வுலகில் எவராலும் இயலாது. கைக்குட்டையோ அவர் பைக்குள் கிடந்தது.

"மேலயே," என்றார். "குழாயடியில."

அவள் விரல்கள் வளையத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாய் மடங்கின.

"மூணு வளைவு," என்றாள். "ஆயிலை மாத்தி ஊத்தினது கையோட தப்பு. அதைக் கழுவிடலாம். அந்த மூணு வளைவை எதைப் போட்டுக் கழுவறது?"

அழுகை வந்தது, அழுதார்.

குழாய்களையும் ஊதிப்போன இரப்பர் வளையங்களையும் அடியோடு மாற்றி, நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்த இரண்டு திங்கள் பிடித்தது. அவ்விரு திங்களும் அவள் அவரோடு வண்டியைப் பற்றி மட்டுமே பேசினாள். மூத்தவளோ மூன்றே நாளில் சுற்றத்தார் அனைவருக்கும் கதையைப் பரப்பிவிட்டு, இனி அந்த வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அறிவித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எந்தச் சிரிப்புக்கு அஞ்சி மூன்று உயிர்களைப் பணயம் வைத்தாரோ, அந்தச் சிரிப்பு கொசுக்கடி அளவுக்குக்கூட வலிக்கவில்லை என்பதை அறிந்தபோதுதான் அவருக்கு உண்மையில் வலித்தது.

மீண்டும் மலையேறிய முதல் ஞாயிறு, உச்சியில் தேநீர் குடித்து முடித்தபின், இறங்குமுன் அவள் பொறியை அணைத்தாள். "ஏதாவது சொல்லணுமா?" என்றாள். கூர்மையான கேள்வி அது. "இல்ல" என்றார், தலைகுனிந்து. அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே விடை. வாரங்கள் செல்லச்செல்ல அக்கேள்வியின் கூர் சற்றே மழுங்கியது. ஆனால் கேளாமல் அவள் இறங்கியதில்லை.

ஒரு ஞாயிறு, "இருக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கேருந்து இறங்கறப்ப எனக்கு பயமா இருக்கு. ஒவ்வொரு வாரமும். சொன்னா நீ கூட்டிட்டு வரமாட்டியோன்னுதான் சொல்லல."

"எனக்கும்தான்" என்றாள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. கதவுப் பைக்குள் கைவிட்டு, நான்காய் மடித்த பழைய தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஆறு இனங்களும் அப்படியே இருந்தன. "வர்ற சனிக்கிழமை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு."

கைதவறுவது எவர்க்கும் உண்டு, நண்பரே. தவறியதைச் சொல்லும் பொழுதுதான் அவரவர் கையில் இருக்கிறது. முகிலின் நிறமுடைய மகிழுந்து, விலாவில் அழியாத தழும்போடு மெல்ல இறங்கியது. முதல் வளைவு கடந்தது, இரண்டாவது கடந்தது, மூன்றாவதும் கடந்தது. மூன்றிலும் அவர் பேசிக்கொண்டே வந்தார்.