இயக்குநர் கெங்கம்மாளுக்கு ஒரு நாற்காலி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பத்து மார்க் கேள்விக்குப் பிறந்தது.

2003இல் எங்கள் சட்டக் கல்லூரியில் 'கம்பெனி நிர்வாக நெறி' என்று புதிதாக ஒரு பாடத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் எவனோ கம்பெனியைக் கவிழ்த்தான், தண்டனை எங்களுக்கு. பரீட்சையில், "இயக்குநர் குழுவின் கடமைகளைத் தக்க உதாரணத்துடன் விளக்குக" என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம். என் வகுப்புத் தோழன் உதயா மட்டும், "உதாரணம்: என் அம்மா" என்று எழுதினான்.

பேராசிரியர் மார்க் போடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறிக்கு நான் எழுதும் பதில்தான் இது. எனக்கும் மார்க் வராது என்று தெரியும்.

2

முதல் தொடக்கம்: "திருத்தணி மலையின்மேல் சூரியன் தன் பொற்கதிர்களை—"

விட்டுவிட்டேன். சூரியன் எல்லா ஊரிலும் அதைத்தான் செய்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "மலைக்கோயிலின் படிகள் மொத்தம்—"

தெரிந்தவர்கள் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். திருத்தணியைப் பற்றி எழுதுகிற எவனும் படியேறித்தான் கதைக்குள் வருகிறான். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன்.

மூன்றாவது: "கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி இயக்குநரை, அவருடைய சேர்மன் மொபெட்டில் தேடி வந்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

களை எடுத்தவர் கெங்கம்மாள், உதயாவின் அம்மா. மொபெட்டில் வந்தவர் கஜபதி. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் வைத்திருந்தார். அதைத் தனியார் கம்பெனியாகவும் பதிவு செய்திருந்தார். முகூர்த்த நாட்களில் கெங்கம்மாளுக்கு அங்கே பெருக்குகிற வேலை, சேர் போடுகிற வேலை. மற்ற நாட்களில் கொல்லை.

உதயா லீவுக்கு வந்திருந்தான். வரப்பில் புத்தகத்தை விரித்து, அடுத்த செமஸ்டருக்கு இயக்குநரின் பொறுப்புகளை உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"கெங்கம்மா, நாளைக்கி காலைல மண்டபத்துக்கு வா. பேங்க்லருந்து ஆளு வராரு. ஒரு கையெழுத்து."

"ஆங், வரேன் மொதலாளி."

"எதுக்குங்க கையெழுத்து?" என்றான் உதயா.

"இன்னா வக்கீலு, லீவா? லாட்ஜு கட்ட லோன் கேட்டுகினு கீறேன்பா. புது மேனேஜரு. ரெண்டு டைரக்டரயும் நேர்ல பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"ரெண்டாவது டைரக்டர் யாருங்க?"

"ஒங்கம்மாதான். தெரியாதா ஒனக்கு?"

மாட்டுக்குத் தண்ணி காட்டியாயிற்றா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

(இங்கே கெங்கம்மாள் சினிமா டைரக்டர் என்று நினைத்துக்கொள்வதாக ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்; அதற்கு நான் எதற்கு?)

4

"எம்மா, நீ கம்பெனி டைரக்டராம்மா?"

"இன்னாவோ, மண்டபம் கட்டுனப்ப ஒரு கையெழுத்து போடச் சொன்னாரு. போட்டேன்."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"அறிவொளில போயி கஸ்டப்பட்டு கையெழுத்து கத்துகினேன்டா. கத்துகினு இன்னா? ஒருத்தன் எங்கிட்ட கையெழுத்து கேக்கல. கூலிக்கா கையெழுத்து, களைக்கா கையெழுத்து? அந்தாளு ஒருத்தருதான் கேட்டாரு. போடாம வருவனா?"

உதயா தலையில் கைவைத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்தான். தனியார் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர் வேண்டும்.* கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத் தலைகளுக்குத்தான் கோரம் என்று பெயர். கம்பெனியில் இருப்பதே இரண்டு தலை. அதில் ஒன்று, முக்காடு போட்டுக்கொண்டு களை எடுக்கிறது. அது இல்லாமல் கஜபதி தன் மண்டபத்துக்கு ஒரு விளக்குமாறு வாங்குவதாகக்கூடத் தீர்மானம் போட முடியாது.

* கஜபதி ஏன் பொண்டாட்டியைப் போடவில்லை? பேச்சுவார்த்தை இல்லை. தம்பியை? கணக்குக் கேட்பான். கையெழுத்துப் போடத் தெரிந்து கேள்வி கேட்கத் தெரியாத ஆள் கண்டிகையில் ஒருவர்தான் இருந்தார்.

"அப்ப அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் நம்முளுது" என்றான் உதயா.

இதைச் சொல்ல மறந்துவிட்டேன், இதுதான் கதையே. உதயாவின் அக்கா நிர்மலாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கனகம்மாசத்திரத்தில் பஞ்சர் கடை. கெங்கம்மாள் மண்டபம் கேட்டிருந்தார். "அந்தத் தேதி புக் ஆயிடுச்சே கெங்கம்மா. பின்னாடி பந்தி ஷெட்டுல வெச்சிக்க, காசு வேணாம்" என்றிருந்தார் கஜபதி. கெங்கம்மாள் தெருக்காரர்கள் எப்போது போய்க் கேட்டாலும் மண்டபம் புக் ஆகியிருக்கும். கல்யாணமே நடக்காத மார்கழியில் கேட்டாலும் ஆகியிருக்கும்.

"எனக்கு மண்டபமும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றாள் நிர்மலா. "மலைமேல தாலிய கட்டிகினு வந்துடறோம். நீ அந்தாளுகிட்ட போயி தொங்காதம்மா."

"நீ சும்மா இருடி. எட்டு வருசமா ஊருக்கெல்லாம் சேர் போட்டுகினு கீறேன். ஒரு நாளு ஒருத்தன் எனக்குப் போடட்டும். அந்த மேடைக்கு எதுத்தாப்ல, மொத வரிசைல. பொண்ணு கல்யாணத்துக்குப் போடாம எப்பப் போடுவான், என் சாவுக்கா?"

"சாவுக்குப் பாடைதான். சேர் கெடையாது."

"பாத்தியாடா இவ வாய!"

(உதயாவின் நைனா எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார். கதையில் அவருக்கு வேலை கொடுக்க முடியவில்லை, கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்காரவைத்திருக்கிறேன். அவருக்கும் அதுதான் விருப்பம்.)

5

கஜபதி எனக்குச் சரியாக வரவில்லை. நாலு முறை திருத்தினேன். முதலில் ஒரு முறுக்கு மீசை வைத்தேன். எடுத்துவிட்டேன். பிறகு ஒரு நாயை எட்டி உதைக்கவிட்டேன். நாய்க்கே நம்பிக்கை வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், உதயா சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது ஹாஸ்டலுக்குப் பணம் கட்டியவர் கஜபதி. "நம்ம பையன், வக்கீலாவப் போறான்" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னவரும் அவர்தான். கெட்டவராக இருந்தால் எழுதுவது சுலபம். எது கேட்டாலும் கொடுப்பார். மண்டபம் மட்டும் தர மாட்டார். உட்காரச் சொல்ல மாட்டார். இந்த வகை இயக்குநருக்கு எங்கள் புத்தகத்தில் பெயர் இல்லை. அதனால் அவரை இப்படியே விட்டுவிடுகிறேன்.

மறுநாள் பஸ்ஸில், லோன் தீர்மானத்தில் கையெழுத்துக் கேட்கும்போது சொல்ல, உதயா அம்மாவுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தான். "இத்தீர்மானத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்."

"இத்தீர்மானத்துக்கு..."

"எதிர்ப்பை."

"ஆங். அத்த."

6

கம்பெனியின் பதிவு அலுவலகம், மண்டபத்தின் மணமகள் அறை. ஏ.சி. அங்கேதான் இருந்தது. கண்ணாடி முழுக்க எந்தெந்தப் பெண்ணோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. உட்கார இரண்டே இரண்டு: ரிசப்ஷனுக்கு மேடையில் போடுகிற சிம்மாசனங்கள், சிவப்பு வெல்வெட், தங்கப் பெயின்ட். ஒன்றில் கஜபதி. இன்னொன்றில் பேங்க் மேனேஜர் வேதாசலம். பொக்கே ஒன்று கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கெங்கம்மாள் கதவோரம் நின்றார்.

"இன்னொரு டைரக்டர் எப்ப வருவாங்க?" என்றார் வேதாசலம்.

"வந்துட்டாளே. அதோ."

வேதாசலம் கெங்கம்மாளைத் தாண்டி வராண்டாவைப் பார்த்தார். வராண்டாவில் யாருமில்லை. பார்வையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டுவந்து கெங்கம்மாள்மேல் வைத்தார். "வணக்கம்மா" என்றார். நல்ல மனுஷன்.

உதயா வெளியே போய் அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை உருவி வந்து அம்மாவின் பக்கத்தில் போட்டான். சேரைக் கண்டதும் கெங்கம்மாளின் கை தானாக முந்தானையை இழுத்தது. முதுகைத் துடைத்தார், கைப்பிடியைத் துடைத்தார், சேரைத் திருப்பி மகனின் முட்டிக்குப் பின்னால் தள்ளினார்.

"ஒக்காரு. எவ்ளோ நேரம் நின்னுகினு இருப்ப?"

உதயா உட்கார்ந்துவிட்டான். இயக்குநர் அல்லாத ஒருவன் உட்கார்ந்திருக்க, இயக்குநர் நின்றார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் வேதாசலம்.

"சார், மீட்டிங் செல்லாது" என்றான் உதயா. "டைரக்டர் நிக்கிறாங்க."

"எந்த செக்ஷன் தம்பி?"

உதயா மனசுக்குள் புத்தகத்தைப் புரட்டினான். அறுநூற்றுச் சொச்சம் பிரிவுகள். நோட்டீஸ் எப்படிக் கொடுப்பது என்று இருந்தது. எத்தனை பேர் வர வேண்டும் என்று இருந்தது. வந்தவர் உட்கார வேண்டும் என்று எங்கேயும் இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள், தோன்றியிருக்காது.

கஜபதி சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "அவ எங்கப்பா ஒக்காருவா? பழக்கம் கெடையாது. இந்தா கெங்கம்மா, இங்க போடு." தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார்.

கெங்கம்மாள் வாங்கினார். குனிந்தார். பேனாவின் முனை காகிதத்துக்கு ஒரு கடலைப் பருப்பளவு மேலே நின்றது.

"மொதலாளி, ஆவணில அந்தத் தேதிக்கி மண்டபத்த யாரு புக் பண்ணிக்கீறாங்கோ?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

"டைரக்டர் கேக்கலாம் சார்" என்றார் வேதாசலம், உதவி செய்கிற நினைப்பில்.

ஏ.சி. உறுமியது. கஜபதி உதயாவைப் பார்த்தார். "ஒம்புள்ளய யாரு படிக்க வெச்சாங்க கெங்கம்மா?"

உதயாவுக்குச் சேர் சுட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை.

"நீங்கதான் மொதலாளி. இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப்பூடும். ஒங்கள கேக்காம நானு வேற யாரப் போயி கேப்பேன்?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். மேஜையிலிருந்த மூடியை எடுத்துப் பேனாவை மூடினார். சுருக்குப் பைக்குப் பக்கத்தில், இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மண்டபம் காலியானா சொல்லுங்கோ மொதலாளி. பேனா எங்கிட்டதான் கீது."

பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இது இல்லை. உதயா சட்டென்று எழுந்துவிட்டான். அம்மாவுக்குப் பின்னால் சேர் காலியாக இருந்தது. கஜபதி அந்தச் சேரைப் பார்த்தார். பேனாவைப் பார்க்கவில்லை, சேரைத்தான் பார்த்தார்.

7

முடிவு ஒன்று: கெங்கம்மாள் உட்காருகிறார், கஜபதி கண் கலங்குகிறார், ஆவணியில் மேளம் கொட்டுகிறது. எழுதினேன். கடைசியில் மழை வேறு பெய்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நின்றபடியே கையெழுத்துப் போடுகிறார். லாட்ஜ் எழும்புகிறது. அதையும் அவரே பெருக்குகிறார். இதைக் கிழிக்கவில்லை. அதற்காக இதை நம்பாதீர்கள். ஒரு பக்கம் நன்றாக வந்துவிட்டதே என்றுதான் வைத்திருக்கிறேன்.

முடிவு மூன்று: "அப்போது வெளியே ஒரு மொபெட்—"

வேண்டாம்.

நிஜமாக என்னதான் நடந்தது என்று உதயாவைக் கேட்டேன். "பத்து மார்க்குக்கு அவ்ளோதான்டா எழுத முடியும்" என்றான்.

எனவே எல்லோரையும் அந்த அறையிலேயே விட்டுவிட்டு வருகிறேன். சிம்மாசனத்தில் இரண்டு பேர், கெங்கம்மாள் இடுப்பில் பேனா, அவருக்குப் பின்னால் ஒரு சேர். காலையிலிருந்து நிற்கிறார், முட்டி வலி வேறு. கதைக்கும் கோரம் இரண்டு தலைதான், எழுதுகிறவன் ஒன்று, படிக்கிறவர் ஒன்று. நான் என் வேலையைச் செய்துவிட்டேன். நீங்கள் இவ்வளவு நேரமும் உட்கார்ந்துகொண்டுதான் படித்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் எழுந்து உள்ளே போய், அந்தச் சேரை அவர் பக்கமாக நகர்த்திப் போடுங்கள். போட்டதும் அவர் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால், முந்தானையால் துடைத்து உங்களையே உட்காரவைத்துவிடுவார்.