பேசாதவரின் நாற்காலி

டேமியன் மேசையை விரித்தபோது சந்தையில் பாதிக் கடைகள்தான் வந்திருந்தன. அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. இதை விட்டால் பனிக்காலம் முடிந்து மே மாதம் வரை கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் சந்தை கிடையாது. மேசைக்கு ஒரு கால் ஆடும். அட்டையை மடித்து அதற்கு அடியில் செருகினான். மேலே நீலத் துணியை விரித்து, இலவசச் செபமாலைகள் கிடந்த கிண்ணத்தை வைத்தான். முன்பக்கம் பலகையைத் தொங்கவிட்டான்.

'கத்தோலிக்கரிடம் எதையும் கேளுங்கள். திட்டவும் செய்யலாம்.'

இரண்டாவது வாக்கியம் அவன் மனைவி கோலெட்டின் யோசனை. எழுத்தும் அவளுடையதுதான். மழை பட்டு ஒரு மூலையில் மை கலங்கியிருந்தது.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலிகள் இரண்டையும் போட்டான். பாதை ஓரம் இருப்பது பேசுபவருக்கு. ஆப்பிள் கடையை ஒட்டி இருப்பது பேசாதவருக்கு. அவர்கள் கோயில் நடத்தும் இந்த ஊழியத்தில் அதுதான் ஏற்பாடு. எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் வந்தவரோடு பேசுவார். மற்றவர் வாயைத் திறக்க மாட்டார். பேசுகிறவருக்காகவும் கேட்க வந்தவருக்காகவும் மனதுக்குள் செபித்துக்கொண்டிருப்பார். இவர்கள் இருவரில் பேசியவள் கோலெட். டேமியன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள் செபமாலை மணிகளை உருட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். யாராவது குரலை உயர்த்தினால் அவன் மணிகளை வேகமாக உருட்டுவான். அவள் அதைக் கவனித்துவிட்டு மேசைக்கு அடியில் அவன் காலை மிதிப்பாள்.

மார்ச் மாதத்தில் அவள் இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. காலையில் காபி போட்டாள், மதியம் அவள் இல்லை.

அதன்பின் டேமியன் செபிக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போவான், மற்றவர்கள் எழும்போது எழுவான், முழந்தாளிடுவான், உதடுகள் அசையும். கோட்டுப் பையில் இப்போது கார் சாவி மட்டும்தான் இருந்தது.

ஆனால் மேசையை அவன் விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நகரக் குடிநீர் அலுவலகத்தில் அவன் பொறியாளர். அங்கே எல்லோரும் அவனிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கோயிலின் பங்கு மக்கள் கொண்டுவந்து கொடுத்த உணவுப் பாத்திரங்கள் ஃப்ரீசரில் கிடந்தன. அவர்களும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். வீட்டில் பேச ஆளே இல்லை. இந்த மேசையில் மட்டும் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று, மாதாவை ஏன் கும்பிடுகிறீர்கள், போப்பாண்டவருக்கு யார் இவ்வளவு அதிகாரம் கொடுத்தது என்று முகத்துக்கு நேரே கேட்பார். கேள்வி காதில் விழுந்ததும் கோலெட் சொல்லும் பதில் அவனுக்குள் கேட்கும். அவள் குரலிலேயே, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து. வேறு எங்கேயும் அந்தக் குரல் கேட்கவில்லை. வீட்டில் எத்தனையோ முறை முயன்று பார்த்திருந்தான்.

அந்த மேசைக்குத்தான் இன்று முடிவு தெரிய வேண்டியிருந்தது. இந்தப் பருவம் முழுக்கப் பங்கிலிருந்து ஒவ்வொருவராக வந்து அவனோடு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போன வாரம், இந்த ஊழியத்தைக் கவனிக்கும் திருத்தொண்டர் லாம்பர்ட் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார். நல்ல மனிதர். தனியாக உட்கார அனுமதிக்க முடியாது என்றார். "தனியா உக்காந்தா விசுவாசத்தைப் பத்திப் பேச மாட்டோம் டேமியன். நம்மளைப் பத்திப் பேசிடுவோம்." கடைசிச் சனிக்கிழமை மதியம் வேனோடு வருவதாகச் சொன்னார். அவனோடு நிலையாக உட்கார ஒரு ஆள் இருந்தால் மேசை அவனிடமே இருக்கும். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய் மே மாதத்தில் வேறு இருவரிடம் கொடுத்துவிடுவார்.

லியோ வருவதாகச் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். இனி நான்தான் உனக்குத் துணை என்று போன ஞாயிறு கோயில் படியில் கையைப் பிடித்துச் சொன்னவர். மேசைத் துணியை நீவிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. முதுகு பிடித்துக்கொண்டதாம். அடுத்த வருஷமும் கஷ்டம்தான், மன்னித்துவிடு.

டேமியன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். விதிப்படி அப்போதே மேசையை மடித்திருக்க வேண்டும். மடிக்கவில்லை. பேசுபவரின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பக்கத்துக் கடையில் ட்ரூடி வான்டைக் ஆப்பிள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோட்டம் அவளுடையது, வாயும் அவளுடையது. டச்சுச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட். அந்த மேசை வந்த முதல் நாளிலேயே, விக்கிரக வியாபாரம் எப்படிப் போகுது என்று கேட்டவள். உங்க ஆப்பிளால்தானே எல்லாப் பிரச்சினையும் ஆரம்பிச்சது என்று கோலெட் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் சனிக்கிழமை தவறாமல் சண்டை. ட்ரூடியின் சபையில், நீண்ட பிரசங்கத்தைத் தாங்குவதற்கு, அது தொடங்கும்போதே வெள்ளைப் புதினா மிட்டாயை வரிசை வரிசையாகக் கைமாற்றி வாயில் போட்டுக்கொள்வார்களாம். கோலெட்டின் பதில் நீண்டுவிட்டால் ட்ரூடி பேசாமல் ஒரு மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை மேசை வழியாக டேமியனிடம் உருட்டிவிடுவாள். கோலெட் சிரிப்பை அடக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவாள்.

இந்தப் பருவத்தில் ட்ரூடி ஒரு முறைகூட வம்புக்கு வரவில்லை. வாரம் ஒரு பை ஆப்பிள் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் டேமியனுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

இன்று பையை வைத்துவிட்டு அவள் போகவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தாள். லியோ எங்கே என்று கேட்டாள். சொன்னான். மதியம் மேசை போய்விடும் என்பதையும் சொன்னான்.

"அப்ப எனக்கு வர வேண்டிய பதில்?" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. போன வருடச் சந்தையின் கடைசிச் சனிக்கிழமை அவனும் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன புனிதர்களிடம் எதற்கு ஜெபம் கேட்கிறீர்கள், கர்த்தரிடம் நேராகக் கேட்க வாயில்லையா என்று ட்ரூடி கேட்டாள். உங்கள் கணவர் ஹார்விக்கு முட்டி ஆபரேஷன் என்றதும் என்னை வேண்டிக்கொள்ளச் சொன்னீர்களே, நீங்கள் ஏன் நேராகப் போகவில்லை என்று கோலெட் கேட்டாள். ட்ரூடி "நீ உயிரோட இருக்கியேடி" என்றாள். கோலெட் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுக்கவும் கூடைகளை ஏற்றவும் எல்லோரும் ஓடினார்கள். மே மாதம் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கோலெட் வேன் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"அவ என்ன சொல்லியிருப்பான்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றாள் ட்ரூடி.

தெரியும் என்றான். சொன்னான். ஆபிரகாம் இறந்து பல தலைமுறை கழித்தும் கடவுள் தன்னை ஆபிரகாமின் கடவுள் என்றுதான் மோசேயிடம் சொன்னார். முன்னொரு காலத்தில் அவருக்குக் கடவுளாக இருந்தேன் என்று சொல்லவில்லை. பின்னாளில் ஆண்டவர் கிறிஸ்து இதையே எடுத்துக்காட்டி, அவர்கள் வாழ்கிறார்கள் என்றார். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் விண்ணகத்து மூப்பர்கள் மண்ணில் உள்ளவர்களின் வேண்டுதல்களைக் கிண்ணத்தில் ஏந்தி நிற்கிறார்கள். ஏந்தியிருப்பவருக்குக் கையில் இருப்பது என்னவென்று தெரியாமலா இருக்கும். கிறிஸ்துவின் உடல் ஒன்றுதான், சாவு அதை இரண்டாக வெட்டுவதில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் குழாய் அழுத்த அளவுகளை வாசிப்பதுபோல் சொல்லி முடித்தான்.

ட்ரூடி விடவில்லை. சவுல் ராஜா குறிகாரியிடம் போய்ச் செத்தவனை எழுப்பச் சொன்ன கதையை எடுத்தாள். நாங்கள் யாரையும் எழுப்பிக் குறி கேட்கவில்லை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம், இரண்டும் வேறு என்றான் அவன். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவனுடையதும் உயர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் அவனோடு சண்டை போடுகிறார். காதுமடல் சூடானது.

"சரி, அவ கர்த்தர்கிட்ட இருக்கா. அதுல எனக்கும் சந்தேகம் இல்லை," என்றாள் ட்ரூடி. "நீ அவகிட்ட கேட்டியா?"

"என்னது?"

"உனக்காக வேண்டிக்கச் சொல்லி. கேட்டியா இல்லையா?"

அவன் கிண்ணத்திலிருந்த மாலைகளின் சிக்கலைப் பார்த்தான்.

"இல்லை."

"ஏன்?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பலகையில் எதையும் கேளுங்கள் என்று எழுதியிருந்தது.

"கேட்டா அவ அந்தப் பக்கம் போயிட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ட்ரூடி கடைப்பக்கம் திரும்பி, ஆப்பிளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் விலை எழுதியிருப்பதைக் காட்டினாள். திரும்ப அவனைப் பார்த்தாள்.

"எங்க சபையில கேக்கவே கூடாதும்போம். நீ கேக்கலாம்னு மேசை போட்டு ஊருக்கே சொல்ற, ஆனா கேக்க மாட்டேங்குற. இப்ப நம்ம ரெண்டு பேர்ல யாருப்பா புராட்டஸ்டண்ட்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பதில் தேடினான். கோலெட்டாக இருந்தால் இதற்கு உடனே ஏதாவது சொல்லியிருப்பாள். உள்ளே எதுவும் கேட்கவில்லை.

அப்போது ஒரு ஆள் வந்து பலகையை வாசித்தார். தலையில் லயன்ஸ் கால்பந்து அணியின் தொப்பி, கையில் சூடான ஆப்பிள் சைடர். ஒருகாலத்தில் பூசைக்கு உதவி செய்த பையன்தான் என்று தானாகவே சொன்னார், அது ஒரு குற்றச்சாட்டுபோல. திட்டவும் செய்யலாம் என்று போட்டிருக்கிறதே, நிஜமா என்று கேட்டார். டேமியன் எழுந்து நின்றான். பக்கத்து நாற்காலி காலி. ஆள் இல்லாமல் பேசக் கூடாது.

ட்ரூடி கை துடைத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க மணியெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றாள் மெதுவாக. "நான் நேரா கர்த்தர்கிட்ட பேசிக்குறேன். நீ ஆளைக் கவனி."

ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை மேசைமேல் அவன் பக்கம் உருட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்பிக்காரர் கேட்டது பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி, சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைப் பற்றி. "நான் பண்ணினது கடவுளுக்குத் தெரியாதா? நடுவுல எதுக்கு ஒரு சாமியார்?"

கோலெட் பலமுறை பதில் சொன்ன கேள்வி. உயிர்த்த அன்று மாலை ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி மன்னிக்கும் அதிகாரம் கொடுத்த இடத்திலிருந்து தொடங்குவாள். டேமியன் அவள் குரலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. இந்த மேசையிலும் வரவில்லை. தொப்பிக்காரர் சைடரை ஊதிக்கொண்டு நின்றார்.

"அவருக்குத் தெரியும்," என்றான் டேமியன். அது அவன் குரல்தான், கரகரவென்று இருந்தது. "எனக்குத்தான் தெரியாது. மன்னிச்சாச்சுன்னு நானே மனசுக்குள்ள சொல்லிக்கலாம். என் பேச்சை நானே நம்ப மாட்டேன். வெளியிலேர்ந்து ஒரு குரல் சொல்லணும். அதுக்குத்தான் அவர் ஆளுங்களை அனுப்பினார்."

பிறகுதான் சீடர்கள்மேல் ஊதிய இடத்தைச் சொன்னான். தொப்பிக்காரர் தலையாட்டவில்லை. கடைசியாகப் போனபோது அந்தச் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். அது தப்புதான் என்றான் டேமியன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், எதையும் எடுக்கவில்லை, டோனட் கடைப் பக்கம் போய்விட்டார்.

ட்ரூடி கண்ணைத் திறந்தாள். "சின்னப் பிரசங்கம்தான். மிட்டாய் கரையக்கூட இல்லை," என்றாள்.

திருத்தொண்டர் லாம்பர்ட் வேனை நிறுத்திவிட்டு வரும்போது அவள் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபம் பண்ண ஆள் வேண்டும் என்றீர்களாமே, பண்ணினேன் என்றாள் ட்ரூடி. எங்களுக்கு எதிராகத்தானே பண்ணியிருப்பீர்கள் என்று அவர் சிரித்தார்.

"இவனுக்காகப் பண்ணினேன். உங்க மேசைக்காக இல்லை."

லாம்பர்ட் தன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு நன்றி சொன்னார். ஆனால் ஏற்பாடு ஏற்பாடுதான். மாதாவிடம் வேண்டிக்கொள்ளாத ஒருவரைக் கத்தோலிக்க மேசையில் நிரந்தரமாக எப்படி உட்கார வைப்பது. ட்ரூடியும் அதற்கு வாதாடவில்லை. அவள் சபையில் கேள்விப்பட்டாலே பெரிய ரகளையாகும். டேமியன் துணியை மடித்தான். மேசையை வேனில் ஏற்ற அவனே ஒரு பக்கம் பிடித்தான். பலகையை அவர் அவனிடமே கொடுத்துவிட்டார்.

மே மாதம் சும்மாவாவது வா, பதிலைப் பாதிதான் சொல்லியிருக்கிறாய் என்று ட்ரூடி சொன்னாள். ஹார்வியின் முட்டி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். இந்த வருடம் அவன் அவளிடம் நலம் விசாரித்தது அதுதான் முதல் முறை. இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டுமாம், திங்கட்கிழமை, என்றாள். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள் என்று அவனிடம் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலிகளைச் சமையலறை மேசைக்கு இருபுறமும் போட்டான். ஆப்பிள்களைக் கழுவிப் பாத்திரத்தில் வைத்தான். வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

எப்போதும் உட்காரும் பக்கம் போனவன் நின்று, சுற்றிவந்து, மறுபக்கம் உட்கார்ந்தான். அவளுடைய பக்கம். அங்கிருந்து பார்த்தால் கதவு தெரியும், ஃப்ரீசர் தெரியும், காலி நாற்காலி தெரியும். ட்ரூடி உருட்டிவிட்ட புதினா மிட்டாயைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.

"கோலெட்," என்றான்.

கனைத்துக்கொண்டு திரும்பத் தொடங்கினான்.

"திங்கக்கிழமை ஹார்விக்கு மறுபடி ஆபரேஷனாம். ட்ரூடி பயந்துபோய் இருக்காங்க. வெளியில காட்டிக்கலை. அவங்களுக்காக வேண்டிக்கோ." பிறகு, "எனக்காகவும்," என்றான்.

எதுவும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது. வெளியே வாருகோல் இலைகளை இழுக்கும் சத்தம்.

எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இத்தனை வருடம் சந்தையில் அவன் உட்கார்ந்த நாற்காலி. அதில் இருப்பவர் பேசக் கூடாது.