தானே கொட்டும் வண்டியும் வே. சிவக்கொழுந்தும்

வில்பிரகாம் அண்ட் கிரீவ்ஸ் கம்பனியில் கீறப்படும் எந்தப் படத்துக்கும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். அதற்குள்தான் வடிவமைத்தவருடைய பெயர். சிவக்கொழுந்து நாலு வருஷமாக அங்கே படம் கீறிக்கொண்டிருந்தான். நாலு வருஷமாக அந்தப் பெட்டிக்குள் குடியிருந்தவர் ஜே. பேர்னாட்.

பேர்னாட் தலைமைப் படவரைஞர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். தங்கமான மனிதர். பென்சிலை எடுப்பார், இல்லையென்று சொல்ல முடியாது; காது குடைய எடுப்பார். படம் முடிந்ததும் எழுந்து வந்து, சுருட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மூலையில் தன் பெயரை மட்டும் மிக அழகான எழுத்தில் எழுதிவிட்டுப் போவார். அந்த எழுத்தில் ஒரு குறை சொல்ல ஏலாது.

கம்பனியின் தொழில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு நிலக்கரி போடுவது. கொட்டாஞ்சேனைக் கந்தோர் வாசலிலிருந்து முகத்துவாரத்துக் கரிக்களம் வரை சொந்தமாக ஒரு தண்டவாளம், முப்பது வண்டி, அந்த முப்பதையும் இழுக்க ஒரேயொரு எஞ்சின். வண்டி களத்துக்குப் போனதும் கங்காணி பேதுருவின் ஆட்கள் பன்னிரண்டு பேர் மேலே ஏறிச் சவளால் கரியை அள்ளிக் கூடையில் போட்டு இறக்குவார்கள். வண்டிக்கு ஒரு மணித்தியாலம்.

முப்பத்தெட்டாம் ஆண்டில் சிவக்கொழுந்துக்கு யோசனை வந்தது. வண்டியின் அடித்தட்டை இரண்டு பக்கமும் சரிவாக வைத்து, நடுவில் இரட்டைக் கதவு போட்டால் என்ன? கதவை ஒரு கொளுக்கி பிடித்திருக்கும். கைபிடியை ஒரு இழுப்பு இழுத்தால் கொளுக்கி கழலும், பாரம் தானே கதவைத் தள்ளிக்கொண்டு கீழே விழும். உழைப்பதெல்லாம் கரி. மனிதன் செய்ய வேண்டியது ஒரு இழுப்பு.

எத்தனை பாகைச் சரிவில் கரி தானாக வழுகும் என்று வெள்ளவத்தையில் அவன் சாப்பாட்டோடு தங்கியிருந்த வீட்டில் பரிசோதனை நடந்தது. ஆய்வுகூடம் குசினி, கருவி வீட்டுக்காரி மயிலம்மாவின் சுளகு.

"தம்பி, அந்தச் சுளகிலை நாளைக்கு நான் என்னத்தைப் புடைக்கிறது? உங்களுக்கோ சமைக்கிறன், எஞ்சினுக்கோ?"

"அக்கா, இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவி வைச்சிட்டு வந்து சாப்பிடும்."

காய்ந்த கரி நாற்பது பாகையில் வழுகியது. நனைந்த கரி ஐம்பது கேட்டது. அவன் ஐம்பத்திரண்டு கொடுத்தான். படம் இரண்டு தாளில் முடிந்தது. முதல் தாளில் வண்டி. இரண்டாம் தாளில் வண்டி நிற்க வேண்டிய இடம்: முகத்துவாரத்துக் களத்தில் மரக்கால்களின்மேல் பதினைந்தடி உயரத்தில் போகும் பழைய தண்டவாளம். அங்கே நின்று வாயைத் திறந்தால் கரி நேரே கீழே உள்ள குவியலில் விழும். இரண்டாம் தாள் இல்லாமல் முதல் தாளுக்கு அர்த்தமில்லை.

கிரீவ்ஸ் துரை படத்தைப் பார்த்தார், சரியென்றார். ஒரு வண்டி செய்து முடித்தார்கள். பெட்டிக்குள் ஜே. பேர்னாட்.

சிவக்கொழுந்து வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேர்னாட்டின் மேசைக்கு முன்னால் போய் நின்று, தன் பெயரையும் போட வேண்டும் என்று கேட்டான். பேர்னாட் கோபிக்கவில்லை. உண்மையான இரக்கத்தோடு பார்த்தார்.

"பெட்டி சின்னது மேன். உன்ரை பெயர் அதுக்குள்ளை எப்படி மேன் போகும்? வாசலிலை சி எண்டால், கடைசி எழுத்து வந்து சேர மத்தியானம் ஆகும்."

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சம்பளம் வேண்டாம், பதவி வேண்டாம், எங்கேயாவது ஓரிடத்தில் அந்தப் பெயர் வந்தால் போதும் என்றாகிவிட்டது. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் மனிதனை எவரும் மலிவாக வாங்கலாம். வாங்கியவர் பொன்னம்பலம்.

பொன்னம்பலம் தலைமைக் கிளாக்கர். கம்பனிக்குப் புது மைக்கூடு வந்தாலும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் மூடியைத் திறப்பார். வண்டி வெள்ளோட்டத்தை ஒரு கலியாணவீடு மாதிரி நடத்துவதென்று அவர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். மாப்பிள்ளை வண்டி, பெண் வீட்டார் கிரீவ்ஸ் துரை.

"தம்பி, முகத்துவாரத்து மரக்காலிலையோ வைக்கப்போறியள்? அங்கை கதிரை எங்கை போடுறது? கைபிடி இழுக்க வாற துரைசானி ஏணியிலை ஏறுறதோ?"

"ஐயா, கரி விழக் கீழை இடம் வேணும்."

"இடந்தானே! எங்கடை கந்தோர் வாசலிலை, வாகை மரத்தடியிலை எவ்வளவு இடம் கிடக்கு? நல்ல நிழல். பந்தலுக்கு வசதி. தண்டவாளமும் கிடக்கு."

"அது நிலத்தோடை கிடக்கிற தண்டவாளம் ஐயா. கதவுக்கும் நிலத்துக்கும் இடையிலை ரெண்டடிதான்."

"விழுற சாமான் கீழைதானே தம்பி விழும்? மேலையோ போகும்?"

இந்தக் கேள்விக்குப் பொறியியலில் பதில் இல்லை. சிவக்கொழுந்து இரண்டாம் தாளை விரிக்கப் போனான். பொன்னம்பலம் அதன்மேல் மெதுவாகக் கையை வைத்தார்.

"வண்டியின்ரை பக்கத்திலை ஒரு பலகை அடிப்பம். மஞ்சள் மையிலை, கொட்டை எழுத்திலை, வே. சிவக்கொழுந்து வடிவமைத்தது எண்டு. அழைப்பிலையும் போடுவம். பேர்னாட்டோடை நான் கதைக்கிறன். ஆனால் விழா மரத்தடியிலை."

சிவக்கொழுந்து இரண்டாம் தாளை ஒருமுறை பார்த்தான். பிறகு தாளைச் சுருட்டினான்.

"அப்ப அரை வண்டி மட்டும் நிரப்புவம் ஐயா."

"அரை வண்டியோ! நல்ல காரியத்துக்கு நிறைகுடம் வைக்கிறதோ, அரைக்குடம் வைக்கிறதோ? விளிம்புக்கு மேலை குவிச்சு நிரப்பச் சொல்லியாச்சு."

வெள்ளவத்தை ரயிலில் ஜன்னலோரம் இருந்து, கடலைப் பார்த்தபடி, அவன் தனக்குத்தானே நியாயங்களைச் சொல்லிக்கொண்டு போனான். கைபிடியைக் கொஞ்சமாக இழுக்கலாம். குழாயைத் திறந்து மூடுவதுபோல் ஒரு கூடைக் கரி விழுந்ததும் கதவை மூடிவிடலாம். கை தட்டுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போய்விடுவார்கள். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான், கொளுக்கிக்கு நடு நிலை கிடையாது, ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்கும் என்று படத்தில் தானே அடிக்கோடிட்டு எழுதியது ஞாபகம் வந்தது. அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கினான். மனதுக்குள் மஞ்சள் எழுத்து மின்னியது.

வெள்ளோட்டம் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பத்தெட்டு நிமிஷம். அதற்கு முன்னால் இராகுகாலமாம். வாழை கட்டியாயிற்று. நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. கைபிடிக்குச் சந்தனம், குங்குமம். எஞ்சினுக்கும் மாலை போட்டுப் பந்தலுக்குப் பின்னணியாக நிறுத்த வேண்டுமென்று, அதைப் பாதை முடிகிற பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் பொன்னம்பலம். எஞ்சின் வெளியே வர வேண்டுமானால் வண்டி முதலில் நகர வேண்டும். வண்டிதானே, நகரும்.

பேதுருவும் ஆட்களும் முகத்துவாரத்திலிருந்து குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி வந்திருந்தார்கள். இந்த வண்டி வந்தால் அவர்களுக்கு வேலை இருக்காது என்று கம்பனி முழுக்கக் கதை. தங்கள் செத்தவீட்டுக்குத் தாங்களே வந்தவர்கள்போல் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். ஆனாலும் பேதுரு போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தை வண்டியின்மேல் தெளித்தார்.

"நமக்குக் கேடு செய்யிற வண்டியானாலும் முறை முறைதானே ஐயா," என்றார்.

சிவக்கொழுந்து எதையும் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தான். வே. சிவக்கொழுந்து. பெயர் மத்தியானம்வரை இழுபடவில்லை, பலகையில் தாராளமாகப் போயிருந்தது.

கிரீவ்ஸ் துரைசானி வெள்ளைக் கையுறையோடு கைபிடியை இழுத்தார்.

முதல் இரண்டு விநாடிகள் உலகத்தில் எந்த வண்டியும் அப்படி வேலை செய்திருக்காது. கரி மழைபோல இறங்கியது. சிவக்கொழுந்தின் தொண்டை அடைத்தது, பெருமையால். மூன்றாம் விநாடி மற்றவர்களுடைய தொண்டையும் அடைத்தது, தூசியால். கந்தோர் வாசல் முழுதும் கறுத்தது. வெள்ளைக்காரர், பறங்கியர், தமிழர், சிங்களவர் என்ற பேதம் எல்லா முகத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நீங்கியது. ஜெனீவாவில் சர்வதேச சங்கம் என்று வருஷக்கணக்காகக் கூடிக் கூடிக் கதைக்கிறவர்களால் முடியாத காரியம்.

தூசி அடங்கியபோது கரி விழுவது நின்றிருந்தது. விழ இடமில்லை. மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கி, குவிந்து, சில்லுகளை அச்சுவரை மூடி, திறந்த கதவு இரண்டையும் அகல விரித்தபடியே புதைத்திருந்தது. மிச்சம் அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. மாலை போட்ட எஞ்சின் பின்னால் அடைபட்டு நின்று ஒருமுறை கூவியது. துறைமுகத்தில் கம்பனியின் கரிக்காக இரண்டு கப்பல்கள் காத்திருந்தன.

"தோண்டுங்கள்," என்றார் கிரீவ்ஸ் துரை.

பேதுருவின் ஆட்கள் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேலே நின்று அள்ளிப் பழகியவர்கள் இப்போது வண்டிக்குக் கீழே வயிற்றால் ஊர்ந்து போய்க் கையால் வறுகி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கூடை எடுத்தால் மேலேயிருந்து இரண்டு கூடை விழுந்தது. பன்னிரண்டு மணிக்குப் பொன்னம்பலம் இன்னும் பன்னிரண்டு பேருக்கு ஆள் அனுப்பினார்.

பேதுரு சிவக்கொழுந்திடம் வந்தார். பல் மட்டும் வெள்ளை.

"ஐயா, தானா இறக்குற வண்டிக்கு இருபத்துநாலு பேர். இன்னும் ரெண்டு வண்டி செஞ்சு தாங்க, முகத்துவாரத்துல ஒருத்தனும் வேலையில்லாம இருக்க மாட்டான்."

கிரீவ்ஸ் துரை படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூலைப் பெட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்; அது முழுதும் கரி படிந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"பேர்னாட், இது உம்முடையதா?"

சிவக்கொழுந்துக்கு அந்தக் கணம் தெளிவாகத் தெரிந்தது. பெட்டியில் இருப்பது பேர்னாட்டின் பெயர், அவருடைய கையெழுத்தில். பலகை கறுப்பு. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

பேர்னாட் நடந்து போய், சட்டைப் பையிலிருந்து பட்டுக் கைக்குட்டையை எடுத்து, பலகையைத் துடைக்கத் தொடங்கினார். 'வே'யிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக. நாலு வருஷத்தில் அவர் செய்த மிக நீண்ட வேலை அதுதான். பாதியில் கைக்குட்டையை மடித்து மற்றப் பக்கத்தால் தொடர்ந்தார்.

"நீளமான பெயர் சேர்," என்றார் துரையிடம்.

பெயர் வெளியே வர வர எல்லாரும் திரும்பிச் சிவக்கொழுந்தைப் பார்த்தார்கள். நான் கீற மட்டும்தான் கீறினேன் என்று சொல்லலாம். உண்மையுங்கூட. ஆனால் பெயர் அங்கே மஞ்சளாக, கொட்டை எழுத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு என்னுடையதல்ல என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"என்னுடையதுதான் சேர். வண்டி சரி. இடம் பிழை. பிழையான இடம் எண்டு தெரிஞ்சும் நான்தான் ஓம் எண்டனான்."

சொன்னது பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். துரைக்கு எந்தப் பாதி விளங்கியதோ, ஏன் ஓம் என்றாய் என்று கேட்டார். சிவக்கொழுந்து பலகையைப் பார்த்தான். பொன்னம்பலம் அந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பைகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்.

வேலைநீக்கம் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து, கதிரை இல்லாமல், பந்தல் இல்லாமல், இராகுகாலத்தில், துரை தானே அந்த வண்டியை முகத்துவாரத்து மரக்கால் மேடைக்கு ஏற்றச் சொல்லிக் கைபிடியை இழுத்தார். ஒன்பது விநாடி. ஒரு கரித்துண்டு மிஞ்சவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்து, ம் என்றார். கம்பனி இன்னும் ஆறு வண்டிக்கு உத்தரவு கொடுத்தது. பேதுருவின் பன்னிரண்டு பேரில் நாலு பேருக்கு வேலை போயிற்று.

புதுப் படம் கீறினார்கள். மூலைப் பெட்டிக்குள் ஜே. பேர்னாட், வழக்கம்போல மிக அழகாக. பலகையைக் கழற்றிவிட்டார்கள். சிவக்கொழுந்து போய்க் கேட்டான்.

"தம்பி, பலகை விழாவுக்கு அடிச்சது," என்றார் பொன்னம்பலம். "விழாதான் முடிஞ்சுதே."

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் சிவக்கொழுந்து வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தான். ஒரு மாட்டுவண்டிக்காரன் முழு வண்டி விறகையும் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் சரித்துவிட்டு நின்றான். படலை திறக்க வழியில்லை. வீட்டுக்காரி உள்ளே நின்று ஏசினாள். கூட வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவி, வாசல்ல கொண்டாந்து சிவக்கொழுந்து பண்ணிட்டியே!"

சிவக்கொழுந்து நின்றான்.

"ஆரப்பா அது, சிவக்கொழுந்து?"

"ஆளில்லிங்க ஐயா," என்றான் அவன், விறகைப் பொறுக்கியபடி. "அது ஒரு சொல்லு. எடம் தெரியாம கொட்டுனா அப்பிடிச் சொல்றது. முகத்துவாரத்துல எங்க அப்பா காலத்துலருந்து சொல்றாங்க."

"ஆள்தான் தம்பி. எனக்குத் தெரியும்."

"இருக்காதுங்க," என்றான் அவன். "அவ்வளவு நீளமா ஒரு ஆளுக்குப் பேர் வைப்பாங்களா?"

சிவக்கொழுந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விறகுக் குவியலைச் சுற்றி நடந்து போனான்.